யானைக்கும் ஊருக்கும் நடுவில் அரசு
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காட்டு யானையால் ஒருவர் இறந்தால் செய்தியில் இரண்டு பேர் மட்டுமே வருவார்கள்: இறந்தவரும் யானையும். அரசு அந்தச் செய்தியின் கடைசி வரியில் வரும். வனத்துறையினர் விரைந்தனர், உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது, அமைச்சர் நேரில் ஆறுதல் கூறி நிவாரணத் தொகையின் முதல் தவணையை வழங்கினார். எல்லாம் முடிந்த பிறகு உதவிக்கு வந்த வெளியாள் போல அரசு அங்கே நிற்கும். இந்தக் காட்சியை நான் ஏற்கவில்லை. யானையும் அந்த மனிதரும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி ஆனதற்கு முன்னால் பல முடிவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அரசாணைகளாகவும் குத்தகைப் பத்திரங்களாகவும் உரிமங்களாகவும் கோப்புகளில் கிடக்கின்றன. இந்தக் கதையின் தொடக்கத்திலேயே அரசு இருக்கிறது என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 500 பேருக்கு மேல் யானைகளால் இறக்கிறார்கள். ஏறத்தாழ 100 யானைகள் மின்சாரத்தாலும் ரயிலாலும் நஞ்சாலும் துப்பாக்கியாலும் இறக்கின்றன. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,063 யானைகள் என மதிப்பிட்டார்கள். எண்களை இத்துடன் நிறுத்திக்கொண்டு ஓர் ஊருக்குப் போகிறேன்.

கூடலூரைப் பாருங்கள். நீலகிரியின் மேற்குச் சரிவு. ஒரு பக்கம் முதுமலை, ஒரு பக்கம் வயநாடு, கீழே நிலம்பூர்க் காடு. முதுமலையிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் யானை கூடலூர், பந்தலூர் வட்டங்களைத் தாண்டித்தான் போக முடியும். வேறு வழி அதற்கு இல்லை. இந்த நிலத்தில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் கிடைக்கும் என்று லண்டன் கம்பெனிகள் சுரங்கம் வெட்டின. பொன் கிடைக்கவில்லை, கம்பெனிகள் மூழ்கின. காப்பியும் தேயிலையும் நிலைத்தன. நிலத்துக்கு உடையவர் நிலம்பூர் கோவிலகம். அவர்களிடம் குத்தகை வாங்கி எஸ்டேட்டுகள் வளர்ந்தன. பணியர், காட்டுநாயக்கர், பெட்ட குறும்பர், முள்ளுக் குறும்பர் ஆகியோர் அதற்கும் முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள். அன்று அவர்களில் பெரும்பாலோர் பெயரில் காகிதம் இல்லை.

1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் கூடலூர் ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக (உழுபவர் நேரடியாக அரசிடம் பட்டா பெறும் முறையாக) மாற்றும் சட்டத்தை இயற்றியது. நோக்கம் நல்லது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் ஜென்ம நிலம் அரசின் கைக்கு வர வேண்டும், உழுதவனுக்கு உரிமை கிடைக்க வேண்டும், காடு காடாகவே நிற்க வேண்டும். ஆனால் அதன் 17ஆம் பிரிவு குத்தகை நிலங்களைப் பற்றியது. அதன்கீழ் வந்த சுமார் 35,000 ஏக்கரின் தலையெழுத்து இன்றுவரை முழுமையாகத் தீரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நிலத்தில் பெரிய தோட்டங்களும் இருக்கின்றன, இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைப்பவரும் இருக்கிறார். காடா, பட்டாவா என்று எழுதி முடிக்காததால் காட்டுக்குரிய பாதுகாப்பும் கிடைக்கவில்லை, குடிமகனுக்குரிய உரிமையும் கிடைக்கவில்லை. ‘செக்‌ஷன் 17’ என்று சொன்னால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் வீடு கட்டினால் மின் இணைப்புக்கு நாய்படாத பாடு படவேண்டும். இருட்டில் முற்றத்துக்கு வருபவர் யானை நிற்பதைப் பார்க்க முடியாமல் போவதற்கும், ஒரு சட்டத்தின் ஒரு பிரிவை ஐம்பது ஆண்டுகள் முடிக்காமல் வைத்திருப்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தின் 5,25,000 தமிழர்களை இந்தியா ஏற்பதாக அதில் முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்தவர்களுக்கு வேலை வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது தேயிலை. ஆகவே 1968இல் வனத்துறையின் கீழேயே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற பெயரில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி, பாண்டியாறு ஆகிய இடங்களில் காடு வெட்டித் தேயிலை நட்டது அரசு. லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளைக் கட்டியது அரசு. இந்தக் குடும்பத்துக்கு இந்த வீடு என்று ஒதுக்கியது அரசு. பதுளையிலோ நுவரெலியாவிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, தான் கொழுந்து பறிக்கப்போகும் சரிவு யானை இறங்கும் வழி என்பதைத் தெரிந்துகொள்ள எந்த வாய்ப்பும் இருக்கவில்லை. அவருக்காக முடிவெடுத்த துறைக்கு அது தெரியும். அது வனத்துறை.

வந்தவர்களை மனிதாபிமானத்தோடு ஏற்க வேண்டியிருந்தது உண்மை. அன்றைக்குக் கருவூலம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் அறிவேன். அந்த முடிவைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. அந்த முடிவின் விளைவு யாருடையது என்று கேட்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே லயனில் ஒருவர் இறந்தால், “யானைப் பகுதியில் குடியிருந்தார்” என்று எழுதுவது எப்படி நேர்மையாகும்?

கூடலூர் தனி உதாரணம் என்று எண்ண வேண்டாம். மூணாறுக்கு அருகே சின்னக்கானலில் 2002–2003இல் கேரள அரசு 301 நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கிக் குடியேற்றியது. இன்றும் அதன் பெயர் 301 காலனிதான். அது யானைகளின் இடம், குடியேற்றினால் உயிர்கள் போகும் என்று வனத்துறை அதிகாரி ஒருவர் அப்போதே எழுத்தில் எச்சரித்தார். எச்சரித்தபடியே நடந்தது. நிலம் பெற்ற பல குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி அந்த நிலத்தை விட்டுப் போய்விட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 29ஆம் தேதி, அந்தப் பகுதியில் திரிந்த அரிக்கொம்பன் என்ற யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் கூட ஆகவில்லை, மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5இல் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்து மேல் கோதையாற்றுக்குக் கொண்டுபோனது. தொலைக்காட்சிகள் இரவு பகலாக யானையைக் காட்டின. 2003இல் எழுதப்பட்ட அந்த எச்சரிக்கைக் கடிதத்தை யார் பெற்றார், என்ன குறிப்பெழுதி மூடி வைத்தார் என்பதை ஒருவரும் காட்டவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண அரசு யானையைக் கொன்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. பயிரைக் காக்கவும் நிலவரியைக் காக்கவும் அது அன்றைய கொள்கை. பிறகு 1873இல் அதே அரசு காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. கொல் என்றதும் அரசு, கொல்லாதே என்றதும் அரசு. விடுதலைக்குப் பின் 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தது. இன்று ஒரு விவசாயி தன் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு பருவத்து வாழையோ சோளமோ கண்ணெதிரே போனாலும் அவர் யானைமேல் கை வைக்கக் கூடாது. யானையைப் பிடிக்கவோ, மிக அரிதாகக் கொல்லவோ ஆணையிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. அதுவும் மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீளாத நோயோ ஊனமோ உள்ளது என்று காரணத்தை எழுதிவைத்த பிறகே.

இந்தத் தடை வேண்டும். அது இல்லாதிருந்தால் தென்னிந்தியாவில் யானை இன்று இந்த அளவுக்கு இருந்திராது. ஆனால் தற்காப்புக்கான எல்லா வழிகளையும் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டால் காக்கும் கடமையும் அதே கையில்தான் இருக்கும். காவல் நிலையம் வைத்து நடத்தும் அரசு, “திருடனை நான் அனுப்பவில்லை” என்று சொல்லி ஒதுங்க முடியாது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு உயிருக்கு உறுதி தருகிறது. 1976இல் வந்த 42ஆம் திருத்தம் காட்டையும் காட்டுயிரையும் காப்பது அரசின் கடமை என்று 48-ஏ பிரிவைச் சேர்த்தது. அதே திருத்தம் காடுகளையும் காட்டுயிர்ப் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆகையால் யானையைப் பற்றிய பொறுப்பில் டெல்லிக்கும் பங்குண்டு. 1996இல் கமல்நாத் வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காகப் பொறுப்பேற்ற அறங்காவலர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறக்கட்டளை மேடையில் அறங்காவலரின் கடமையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒப்படைத்த சொத்துக்குக் கணக்குச் சொல்லாமல் அவர் விலக முடியாது.

சீகூரில் அந்தக் கணக்கு எப்படித் தவறியது என்று பாருங்கள். நீலகிரியின் வடக்குச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே உள்ள சீகூர் மேட்டுநிலம் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் யானைக்கு இணைத்துத் தரும் பாலம். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று அங்கே விடுதிகள் பெருகின. 2010 ஆகஸ்ட் 31ஆம் தேதி அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. 2018இல் விடுதிகளைப் பூட்ட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14இல் வழித்தடத்தை உறுதி செய்து இறுதித் தீர்ப்பு தந்தது. நல்ல தீர்ப்பு. யானைக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

ஆனால் அந்த விடுதிகள் தாமாக முளைக்கவில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மின் இணைப்பு வந்தது. ஊராட்சி வரி வாங்கியது. பத்திரம் பதிவானது. நிலத்தை விவசாய நிலம் என்று காட்டி அறைகள் கட்டியபோது பார்த்துக்கொண்டிருந்த துறைகள் உண்டு. உரிமையாளர் பூட்டைச் சந்தித்தார், கூலி வேலை செய்த உள்ளூர் ஆட்கள் வேலையிழந்தார்கள். கையெழுத்துப் போட்ட மேசைகளில் எதுவும் மாறவில்லை. 2021 சனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து ஓர் ஆண் யானையின் தலைமேல் எரியும் டயரை எறிந்தார்கள். அது காதோரம் தீயோடு ஓடியது, பின்னர் இறந்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எறிந்தவர்கள்மேல் வழக்குப் போட்டது சரி. அந்த இடத்தில் அந்த விடுதி இருப்பதற்கு எந்தெந்த அலுவலகம் வழிவிட்டது என்பதும் அந்த வழக்கின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். சீகூரில் அரசு தன் சொந்தத் திட்டங்களாலும் குறுக்கே நிற்கிறது என்பதை மறக்க முடியாது. மாயாறு மின்நிலையத்துக்கு நீர் கொண்டுபோகும் திறந்த கால்வாய் யானைகளின் நடைவழியை வெட்டிக்கொண்டு போகிறது. ஆனைமலையில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் காண்டூர் கால்வாயிலும் யானைகள் விழுந்து செத்திருக்கின்றன.

இந்தப் பேச்சில் என் மனத்தை அதிகம் வருத்துவது கோவைக்கு வடமேற்கே உள்ள தடாகம் பள்ளத்தாக்கு. அங்கே பல பத்தாண்டுகளாகச் செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் பனை உயரத்துக்கும் தோண்டிச் செங்கல் சூளைகள் நடந்தன. பெரும்பாலானவற்றுக்கு முறையான உரிமம் இல்லை. மலையடிவாரத்திலிருந்து இறங்கும் யானைக்கு ஓடை இல்லை, புதர் இல்லை, இரவெல்லாம் லாரி. அந்தப் பள்ளத்தாக்கில் திரிந்த யானைதான் சின்னத்தம்பி. அது பயிரைத் தின்றது, ஆனால் ஆளைக் கொன்ற யானை என்று பெயரெடுக்கவில்லை. 2019 சனவரி 25ஆம் தேதி கும்கிகளை (பழக்கிய யானைகளை) வைத்துப் பிடித்து, லாரியில் ஏற்றும்போது தந்தங்கள் உடைந்து இரத்தம் ஒழுக, டாப்சிலிப் பக்கத்துக் காட்டில் விட்டார்கள். அது அங்கே நிற்கவில்லை. உடுமலைப் பக்கம் நடந்து வந்து கரும்புக் காட்டில் நின்றது. பிப்ரவரி 15இல் மீண்டும் பிடித்து வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைத்தார்கள். இன்று அது ஒரு கும்கி. வேறு யானைகளை விரட்ட அதைக் கூட்டிப்போகிறார்கள்.

தடாகத்தின் சூளைகளை எப்போது மூடினார்கள் தெரியுமா? 2021இல். அதுவும் ஊர்க்காரர்கள் சிலர் மிரட்டல்களுக்கு நடுவே நீதிமன்றத்துக்கு அலைந்த பிறகு. நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். யானையை வெளியேற்ற அரசுக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. சூளையை நிறுத்த ஆண்டுகள் ஆயின. வரிசை மாறியிருந்தால் சின்னத்தம்பி இன்று கழுத்தில் சங்கிலி இல்லாமல் அந்த அடிவாரத்தில் நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பிடித்து இடம் மாற்றுவது பிரச்சினையை அடுத்த ரேஞ்சுக்கு அனுப்புவது மட்டுமே. கூடலூரில் வீடுகளை உடைத்து ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமான பி.எம்.2 என்ற மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானையை) 2022 டிசம்பரில் பிடித்து முதுமலையில் விட்டார்கள். அடுத்த மாதமே அது வயநாட்டின் சுல்தான் பத்தேரி கடைவீதியில் நடந்தது. கேரளம் பிடித்தது. 2024 பிப்ரவரியில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. கர்நாடகம் ஹாசன் பக்கம் பிடித்து ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிக் காட்டில் விட்ட மக்னா ஒன்று, எல்லை தாண்டி மானந்தவாடியில் ஒருவரை அவர் ஓடி நுழைந்த வீட்டு முற்றம் வரை துரத்திக் கொன்றது. யானை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் கருவி அதன் கழுத்திலேயே இருந்தது. அந்தத் தகவல் எந்த மாநிலத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று இரண்டு வனத்துறைகளும் சச்சரவு செய்தன. யானைக்கு மாநில எல்லை தெரியாது என்று எல்லோரும் பேசுகிறோம். கேரளம் மறுமாதம் மனித–காட்டுயிர் மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் மாவட்ட ஆட்சியருக்கும் மற்ற துறைகளுக்கும் பொறுப்பு வந்தது. அந்த அளவில் வரவேற்கிறேன். ஆனால் புயலைப் போல, நிலநடுக்கத்தைப் போல இதுவும் மேலிருந்து விழுந்தது என்ற எண்ணத்தை அந்த அறிவிப்பு வளர்த்துவிடக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு செய்தி. 2023 மார்ச் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, விவசாயி ஒருவர் பன்றிக்காகச் சட்டத்துக்கு மாறாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. விவசாயி கைதானார். பதினொரு நாள் கழித்து, மார்ச் 18இல், அதே மாவட்டம் கம்பைநல்லூர் அருகே ஓர் ஆண் யானை மேட்டில் ஏறும்போது உயர் அழுத்த மின்கம்பியில் தலை பட்டு இறந்தது. இந்தக் கம்பி அரசு நிறுவனத்தினுடையது. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்ய அந்த ஆண்டே விதிகள் வந்தன, அவை தேவையானவை. யானை நடக்கும் ஊர்களில் அரசின் கம்பிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றன என்பதற்கும் அதே கண்டிப்போடு ஒரு பதிவேடு வேண்டும். அதற்கு ஒரு பொறியாளர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

அரசால் முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும் என்பதற்குக் கோவை–பாலக்காடு ரயில் பாதையே சாட்சி. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே அந்தப் பாதை யானைக் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. 2021 நவம்பர் 26 இரவில் நவக்கரை அருகே மங்களூர்–சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. உயர் நீதிமன்றம் கண்காணித்தது. ரயில்வே சுரங்கப் பாதைகள் கட்டியது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு 12 கோபுரங்களில் 24 கேமராக்களை நிறுவியது. செலவு 7.24 கோடி ரூபாய். இருட்டில் உடல் வெப்பத்தை வைத்து யானையை அடையாளம் காணும் கேமராக்கள் அவை. யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குச் செய்தி போகும், ரயில் வேகம் குறையும். செயல்படத் தொடங்கிய முதலாண்டில் அந்தத் துண்டில் ஒரு யானையும் ரயிலில் அடிபட்டுச் சாகவில்லை. தொழில்நுட்பம் புதியதாக இருக்கலாம். மாற்றத்துக்கு முக்கியக் காரணம், எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்று யாரோ எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான்.

வால்பாறையில் செலவு இன்னும் குறைவு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேட்டுநிலம், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் அங்கே யானையால் நேர்ந்த மனிதச் சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் எளிமையானது: பக்கத்தில் யானை நிற்பது இறந்தவருக்குத் தெரியாது. ஆகவே மாலையில் எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று செல்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், உள்ளூர்க் கேபிள் டிவியில் எழுத்து ஓட விட்டார்கள், உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை வைத்து யானை அருகே வந்தால் எரிய விட்டார்கள். வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்துகொண்டன. சாவுகள் குறைந்தன. அங்கே யானைகள் உடைக்கும் கட்டடங்களில் ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் நிறைய. அரிசி மணம் இழுக்கிறது. ரேஷன் கடையை எங்கே கட்டுவது என்று முடிவு செய்பவர் அரசு அதிகாரி. லயனுக்கு நடுவே ஒரு மாத அரிசியை மூட்டையாக அடுக்கி வைக்காமல், வண்டியில் கொண்டுவந்து அன்றே கொடுத்துவிட்டுப் போகலாம். இந்த முடிவுக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு காட்டுயிரால் இறந்தவர் குடும்பத்துக்கான தொகையை 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டிலும் இன்று 10 இலட்சம். உயர்த்தியது நல்லதே. ஆனால் இது அரசு மனமுவந்து கொடுக்கும் உதவி என்ற நிலையிலேயே இருக்கிறது. சட்டப்படியான உரிமையாக ஆக வேண்டும். சாலை விபத்தில் இறந்தவர் குடும்பம் தீர்ப்பாயத்துக்குப் போய் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டுக் கேட்க முடிகிறது. முப்பது வயதில் யானையால் இறந்த கூலித் தொழிலாளியின் மனைவிக்கு அந்த வாசல் இல்லை. பயிர் இழப்புக்கோ சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். செக்‌ஷன் 17 நிலத்தில் இருப்பவர் எந்த அடங்கலைக் காட்டுவார்? உரிமையை நிறுத்தி வைத்ததும் அரசு, அந்த உரிமையின் சான்றைக் கேட்பதும் அரசு.

நிலையான உரிமை இல்லாதவர்கள் வனத்துறைக்குள்ளேயும் இருக்கிறார்கள். யானை விரட்டும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் இளைஞர்கள். இரவெல்லாம் டார்ச்சோடு முன்னால் நடப்பவர்கள் அவர்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பணியில்தான் இருக்கிறார்கள்.

2024 ஏப்ரல் இறுதியில் வனத்துறை தமிழ்நாட்டின் யானை வழித்தடங்கள் பற்றிய வரைவு அறிக்கையை வெளியிட்டது. 42 வழித்தடங்கள். யானைக்கு வழி வேண்டும் என்று நினைக்கும் எவரும் மகிழ்ந்திருக்க வேண்டிய நாள் அது. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கருத்துச் சொல்லத் தொடக்கத்தில் கொடுத்த காலம் ஏறத்தாழ ஒரு வாரம். ஓவேலியிலும் பந்தலூரிலும் இருக்கும் தோட்டத் தொழிலாளி, தன் வீடு அந்த வரைபடத்துக்குள் வருகிறதா என்று வாய்வழிச் செய்தியில் கேட்டறிய வேண்டியிருந்தது. கூடலூர் கொந்தளித்தது. யானைக்காகப் பேசியவர்களை ஊர் எதிரியாகப் பார்த்தது. பொறுமையாகப் பத்து ஆண்டுகளில் சேர்த்த நம்பிக்கை பத்து நாளில் போனது. அந்த அறிக்கையின் அறிவியலைவிட அதை வெளியிட்ட விதமே யானைக்கு அதிகம் கெடுதல் செய்தது என்பது என் உறுதியான கருத்து.

அரசிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு ஒருமுறை வரவு–செலவுக் கணக்கோடு சேர்த்து இன்னொரு கணக்கும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அந்த ஆண்டில் யானையால் இறந்த ஒவ்வொரு மனிதரும், மனிதரால் இறந்த ஒவ்வொரு யானையும் அதில் வர வேண்டும். இறந்த இடம் யாருடைய நிலம், அங்கே குடியிருப்போ கட்டடமோ கம்பியோ கால்வாயோ எந்த அனுமதியில் வந்தது, முன்பு யாராவது எச்சரித்திருந்தார்களா, எச்சரிக்கை எந்தத் துறையில் நின்றது என்று எழுதியிருக்க வேண்டும். வனத்துறை மட்டும் எழுதக் கூடாது. வருவாய்த் துறை, மின்வாரியம், ஊரக வளர்ச்சி, கனிமவளம், பொதுப்பணி ஆகிய எல்லாத் துறைகளும் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னொரு சாவு நடந்தால், முதல் ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு ஒரு வாய்ப்பும் கண்முன் இருக்கிறது. 2022இல் டான்டீயின் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. 1968 முதல் காட்டிலிருந்து எடுத்த நிலம் காட்டுக்கே போகிறது. யானைக்கு இது நல்ல செய்தி, நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த நிலத்தில் பறித்து வளர்ந்த பெண்களின் பேத்திகள் இப்போது அதே லயன்களில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும் என்ற அச்சத்தில் அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். முதல் முறை இந்தக் குடும்பங்களை எங்கே வைப்பது என்று அரசு அவர்களைக் கேட்காமல் முடிவு செய்தது. இந்த முறை எந்தக் குடும்பத்துக்கு எந்த ஊரில் எந்தப் பட்டா எண்ணில் வீடு, எந்தத் தேதிக்குள் சாவி என்பது நிலத்தைத் திருப்பித் தரும் அதே ஆணையில், தமிழில் இருக்க வேண்டும்.